வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்களுக்கு: பழைய ஈயத்தின் அழுக்கு, கேள்வி பதில்

அண்ணே, காயலான் கடை ஈயத்தை உருக்கினால் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு படலம். எடுக்க எடுக்க வருகிறது. கொட்டிவிடலாமா?

கொட்டாதே தம்பி, அதில் நல்ல உலோகமும் கலந்திருக்கிறது. காற்று பட்டு ஈயமும் வெள்ளீயமும் ஆக்சைடாகி மேலே நிற்கிறது, அவ்வளவுதான். மெழுகுவர்த்தித் துண்டோ ஒரு பிடி காய்ந்த மரத்தூளோ போட்டு, கரண்டியை அடிவரை விட்டு நன்றாகக் கிளறு. புகை வரும், சில சமயம் குப்பென்று பற்றும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். கரி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, உலோகம் திரும்பக் கீழே இறங்கிவிடும். கடைசியில் உதிரி உதிரியாகக் கறுப்புப் பொடி மிஞ்சும் பார், அதுதான் கசடு, அதை மட்டும் வழி. வழித்த கையோடு படலம் மறுபடி கட்டினால் தீயைக் குறை. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், 380 பக்கம் இருந்தால் வார்க்கத் தாராளம்.

டயர் கடையில் வாங்கிய, சக்கரத்தில் மாட்டும் பேலன்ஸ் கட்டிகளை உருக்கினேன். கஞ்சி மாதிரி ஆகிவிட்டது, அச்சில் இறங்க மாட்டேன் என்கிறது.

துத்தநாகம் கலந்துவிட்டது. இப்போது அந்தக் கட்டிகளெல்லாம் ஈயம்தான் என்று நம்ப முடியாது, ஈயம், துத்தநாகம், இரும்பு மூன்றும் வரும். அடுப்பில் ஏற்றுமுன் ஒவ்வொன்றாக கட்டிங் பிளேயரில் கடித்துப் பார். ஈயம் மெத்தென்று உள்வாங்கும், துத்தநாகம் கடிபடாது. துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும், அதனால் சூட்டை 400க்குக் கீழே வைத்தால் தப்பித்தவறி விழுந்ததும் இரும்பு கிளிப்போடு மிதக்கும். மிதக்கிறதே என்று விட்டுவைக்காதே, மெல்லக் கரைய ஆரம்பிக்கும், உடனே எடு. கலந்ததைப் பிரிக்க கந்தகம் போடுவார்கள், ஆனால் அந்தப் புகை நெஞ்சை அடைக்கும். நான் என்றால் எடைக்கே போட்டுவிடுவேன்.

பழைய பேட்டரித் தகடு சும்மா கிடக்கிறது, உருக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அமிலம் ஊறிய தகடு, அதில் பெரும்பகுதி ஈயச் சேர்மங்கள்தான், சட்டியில் கசடாகத்தான் நிற்கும். ஆண்டிமனியும் ஆர்செனிக்கும் இருக்கும் கசடில் ஈரம் பட்டால் கொல்லும் வாயு வரலாம். பேட்டரிக் கடையில் கொடுத்துக் காசு வாங்கு. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போகவேண்டும் என்கின்றன.

கயிற்றில் வைத்துச் சுத்தியால் மடக்கும்போது குண்டு விரிசல் விடுகிறதே?

ஆண்டிமனி. பேலன்ஸ் கட்டியில் கடினத்துக்காகச் சேர்ப்பது, வழித்தெடுக்க வராது. அந்த ஈயத்தை, மடக்காமல் கயிற்றில் கோக்கும் துளைக்குண்டுக்கு ஒதுக்கு. மடக்குகிற குண்டுக்குப் பழைய கேபிள் உறை, தண்ணீர்க்குழாய் ஈயம்தான் சரி.

என் வீட்டுக்காரர் திண்ணையில் வைத்து உருக்குகிறார், பிள்ளைகள் பக்கத்திலேயே விளையாடுகிறார்கள். அந்தச் சட்டியைக் கழுவி நெல் அவிக்கலாமா?

கூடாது தங்கச்சி. எவ்வளவு தேய்த்தாலும் அது இனி ஈயச்சட்டிதான். அடுப்பைத் திண்ணையிலிருந்து காற்றோட்டமான வெளியிடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். கசடுத் தூசிதான் எமன், மண்ணில் கொட்டாமல் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வேலை செய்த துணியைத் தனியாகத் துவைக்கவேண்டும், கையை சோப்பு போட்டுக் கழுவாமல் வெற்றிலை, பீடி எதையும் தொடக்கூடாது.

மழையில் நனைந்த ஈயம் இருக்கிறது அண்ணே.

வெயிலில் நன்றாகக் காயவிடு. அப்புறமும் குளிர்ந்த சட்டியில் போட்டுவிட்டுத்தான் தீ மூட்டவேண்டும். உருகிய ஈயத்துக்குள் ஈரத்துண்டு விழுந்தால் நீர் ஒரே நொடியில் ஆவியாகி ஈயத்தை மேலே வாரி இறைக்கும். கரண்டிக்கும் அச்சுக்கும் இதேதான், முதலில் தீயில் காட்டிச் சூடேற்று.