கடற்கரை வீட்டில் சுருட்டுப் பராமரிப்பு: கேள்வி பதில்

கீழக்கரையிலிருந்து ஒருவர்: எங்கள் சாச்சா துபாயிலிருந்து ஒரு பெட்டி கியூபா சுருட்டு கொண்டு வந்தார். அதற்கென விற்கும் மரப்பெட்டியில் வைத்து, சொல்லியிருந்தபடியே பஞ்சில் தண்ணீர் ஊற்றி வந்தேன். இரண்டே மாதத்தில் வெள்ளை படர்ந்துவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: தண்ணீர் ஊற்றியதில்தான். அந்த அறிவுரை, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கி உள்ளிருக்கும் காற்றை உலர்த்திவிடுகிற நாட்டினருக்கு உரியது. சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம்; நம் கரையிலோ, வாடைக்காற்றோடு மழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்பதுண்டு. ஆகவே ரப்பர் வளையமுள்ள, காற்றுப் புகாத டப்பாவில் சுருட்டுகளை வைத்து, 65 என்று குறித்த ஈரப்பத உறை ஒன்றை உடன் போடுங்கள். உறைக்குள் இருக்கும் உப்புக் கரைசல், ஈரம் மிகுந்தால் உறிஞ்சும், குறைந்தால் வெளிவிடும். சிலிக்கா ஜெல் உறிஞ்ச மட்டுமே அறியும். அளவு மீறினால் இலை நொறுங்கிவிடும்.

வெள்ளை மேல் இலையோடு நின்றிருந்தால் துடைத்துத் தனியே வையுங்கள். பற்றவைக்கும் முனைக்குள் இறங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள். “அது பூஞ்சை இல்லை, இலையின் எண்ணெய் பூத்தது” என்று விற்பவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

மண்டபத்திலிருந்து ஒருவர்: என் ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று எப்படி அறிவது?

பதில்: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டு, கரைந்துவிடாமல் சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு ஒரு டப்பாவில் அடைத்து ஒரு நாள் கழித்துப் பாருங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் எப்போதும் நான்கைக் கழித்துக்கொள்ளுங்கள். வாலிநோக்கம் உப்பளம் இருக்கும் மாவட்டத்தில் இதற்கெனத் தனிப் பொருளை விலைக்கு வாங்குவது வீண்.

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: சுருட்டில் குண்டூசி குத்தியதுபோல் துளைகள் இருக்கின்றனவே, ஐயா?

பதில்: புகையிலை வண்டின் வேலை அது. இலையில் ஏற்கெனவே இருக்கும் முட்டைகள் வெப்பம் ஏறினால் பொரியும். 24 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் என்பார்கள், ஆனால் நம் ஊர்ச் சித்திரையில் நள்ளிரவிலும் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. துளை விழுந்தவற்றை அகற்றுங்கள். மற்றவற்றை இரட்டைப் பையில் காற்று நீக்கிக் கட்டி, உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) மூன்று நாள், பிறகு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து, அறை வெப்பத்துக்கு முழுதாக வந்த பின்பே பையைப் பிரியுங்கள். அவசரப்பட்டால் இலையில் நீர் கோத்து மேலுறை வெடிக்கும்.

தொண்டியிலிருந்து ஒருவர்: பாதியிலேயே அணைகிறது, புகையும் இழுபடவில்லை.

பதில்: ஈரம் மிகுந்த சுருட்டின் குணம் இது. புகைப்பதற்கு முன் வெறும் மரப்பெட்டியில் ஒரு நாள் ஆறவிடச் சொல்வார்கள். இங்கே ஜன்னலோரம் ஆறவைத்தால் இன்னும் ஈரமே ஏறும் என்பதால், குளிர்சாதனம் ஓடும் அறையில் சில மணி நேரம் வையுங்கள். வாயில் வைக்கும் தலைப்பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெட்ட வேண்டாம், வெட்டினால் மேலுறை பிரிந்துவிடும். பெட்ரோல் லைட்டரின் வாடை முதல் இழுப்பிலேயே தெரியும். தீக்குச்சியானால் மருந்து எரிந்து தீரும்வரை பொறுத்து, சுடர் தொடாமல் முனையைச் சுற்றிச் சுற்றி வாட்டுங்கள். கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், இல்லையேல் காற்றுப்படும் பக்கம் மட்டும் எரிந்தோடும். நிமிடத்துக்கு ஓர் இழுப்புப் போதும்.

அதே அன்பர்: உள்ளே இழுக்காவிட்டால் தீங்கில்லையாமே?

பதில்: தவறு. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் புகையை உள்ளே இழுக்க வேண்டிய தேவையே இல்லை.

இராமேசுவரத்திலிருந்து ஒருவர்: என் தாத்தா உறையூர்ச் சுருட்டை ஓலைக் கொட்டானில்தான் வைத்திருந்தார். அது கெட்டதே இல்லையே?

பதில்: கெடுவதற்கு அவர் நாள் கொடுத்திருக்கமாட்டார். வாரத்துக்கு ஒரு கட்டு வாங்கிப் புகைத்து முடிப்பவருக்கு, காற்றோடும் கொட்டானே போதுமானது. மேலும், இரு முனையும் திறந்திருக்கும் நாட்டுச் சுருட்டுக்கு வெட்டுகத்தியும் வேண்டாம். ‘செரூட்’ என்று ஆங்கிலேயர் வழங்கியது நம் ‘சுருட்டு’ என்ற சொல்லைத்தான்.