பேதுரு இழுத்துக்கொண்ட கால்

அன்புள்ள சேர்,

நான் கல்முனைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன மாதம் பகுதித் தலைவர் பொறுப்புக்கு நேர்முகம் வைத்தார்கள். உங்களிடம் என்ன திறமை இருக்கிறது என்று கேட்டார்கள். "என்னிடம் ஒன்றும் இல்லை, எல்லாம் ஆண்டவருடைய கிருபை" என்று சொல்லிவிட்டு வந்தேன். பொறுப்பு என்னைவிட அனுபவம் குறைந்த ஓர் ஆசிரியைக்குப் போய்விட்டது. தாழ்மையாக இருந்தால் ஏற்ற காலத்தில் தேவன் உயர்த்துவார் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னேன். இப்போது அந்த ஆசிரியையின் முகத்தைப் பார்க்கவே மனம் வருவதில்லை. தம்பி போகிற சபையில், "நீ வாலல்ல, தலை, துணிந்து கேள்" என்கிறார்கள். அம்மாவோ, "பெருமை வந்தால் விழுவாய் மகள்" என்கிறா. நான் யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகி, கல்லடி

அன்புள்ள மகள்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அம்மாவா தம்பியா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் இயேசுவின் சீடனான பேதுருவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பெரிய வியாழன் இரவு ஆண்டவர் சீடரின் கால்களைக் கழுவியதை யோவான் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதற்கு முன்னால் நிற்கும் வசனத்தை அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். பிதா எல்லாவற்றையும் தம் கையில் தந்திருக்கிறார், தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், தேவனிடத்திற்கே போகிறவர் என்பதை இயேசு அறிந்து எழுந்தார் என்கிறது அது. அறிந்தபிறகுதான் சீலையை அரையில் கட்டினார். தாம் யாரென்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்தவருக்குக் குனிவதில் இழக்க ஒன்றும் இருக்கவில்லை.

பேதுரு என்ன செய்தான்? என் கால்களை நீர் ஒருக்காலும் கழுவக்கூடாது என்று மறுத்தான். கேட்கிற காதுக்கு எவ்வளவு தாழ்மையான பேச்சு! ஆண்டவர் அதை மெச்சவில்லை. நான் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் இதைப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முந்தி, பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகவேண்டிய நாட்களில், அங்கே ஒரு பாடசாலையில் எனக்கு முதல் நியமனம். சாதாரண தர வகுப்புக்குக் கணிதம் எடுக்க ஆளில்லை. அதிபர் என்னைக் கேட்டார். எனக்குக் கணிதம் நன்றாக வரும். ஆனாலும், "எனக்கு அந்தளவுக்குத் தகுதி இல்லை சேர்" என்று சொன்னேன். பிள்ளைகள் பரீட்சையில் தவறினால் என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான் உள்ளே இருந்தது. பக்கத்தில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், "எவ்வளவு அடக்கமான பிள்ளை" என்றார். அந்த வருடம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்குக் கணித ஆசிரியர் கிடைக்கவில்லை. தாங்களாகவே கடந்தகால வினாத்தாள்களை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் குந்தியிருந்து கணக்குச் செய்தார்கள். அவர்களைக் கடந்துதான் ஒவ்வொரு நாளும் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனேன். எனக்குக் கிடைத்த அந்தப் பாராட்டு இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

ஆகவே கேட்கிறேன்: "என்னிடம் ஒன்றும் இல்லை" என்று சொன்னீர்களே, அது உண்மையா? ஆறு வருடம் நீங்கள் படிப்பித்த பிள்ளைகள் ஒன்றும் படிக்கவில்லையா? பவுல் தன்னை அப்போஸ்தலரில் சிறியவன் என்று எழுதியவர். அதே மூச்சில், அவர்கள் எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்றும் எழுதினார். உடனேயே, நானல்ல, என்னோடிருக்கிற தேவகிருபையே என்றார். 1 கொரிந்தியர் 15இல் அடுத்தடுத்த வசனங்கள் இவை. கிருபையைப் பற்றிச் சொல்வதற்காகத் தன் உழைப்பை அவர் மறைக்கவில்லை. நீங்கள் உழைப்பை விட்டுவிட்டுக் கிருபையை மட்டும் சொன்னீர்கள். தேர்வுக்கு இருந்தவர்கள் பாவம், எதை வைத்து முடிவெடுப்பார்கள்?

தம்பியின் சபையில் சொல்கிற வாலும் தலையும் உபாகமம் 28இல் இருக்கிறது. ஆனால் கர்த்தருடைய கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால் என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கிறது. அந்தப் பாதியைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடிவதில்லை. ஓட்டோக்களின் பின்னால் எழுதியிருக்கிற "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனமும் அப்படித்தான். சிறையில் இருந்த பவுல் எழுதியது அது. பசித்திருக்கவும் தாழ்ந்திருக்கவும் தெரியும் என்று முந்திய வசனத்தில் சொல்லிவிட்டுத்தான் அங்கே வருகிறார்.

இனி உங்களுக்கு நோகக்கூடிய ஒன்றைச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேவன் உயர்த்துவார் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தத் தாழ்மை ஆண்டவரிடம் கட்டிய முற்பணம். பொருள் வந்து சேரவில்லை என்றதும் கோபம் வருகிறது. அந்தக் கோபம் ஒரு பாவமும் அறியாத அந்த ஆசிரியையின் மேல் திரும்பிவிட்டது. அம்மா பயப்படுகிற பெருமை உங்களிடம் இருக்குமானால், அது திறமையைச் சொல்வதில் வராது. இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, மகள். நானும் அங்கே இருந்தவன்.

அடுத்த நேர்முகத்தில் உள்ளதைச் சொல்லுங்கள்: இத்தனை வருடம் படிப்பிக்கிறேன், ஆய்வுகூடத்தை இப்படி நடத்துகிறேன், நேரசூசி போடுவது எனக்குப் புதிது, பழகிக்கொள்வேன். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது. தவணை தொடங்கியதும் அந்த ஆசிரியைக்கு வேலை குவியும். அனுபவம் குறைந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை இடைவேளைக்கு ஒரு தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு அவரிடம் போங்கள். "பிள்ளைகளின் புள்ளிப் பட்டியலை நான் செய்து தரட்டுமா?" என்று கேளுங்கள். அது உங்களுக்கு நன்றாக வரும் என்று கூச்சப்படாமல் சொல்லியே கேளுங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.