ஓரத்துல இருக்குற அந்தக் குட்டி எக்ஸ்

கேள்வி: வணக்கம் மேடம். எங்களுது சேலம் அம்மாபேட்டை, வீட்லயே தறி ஓடுது. பையன் யூகேஜி. நானும் அவங்கப்பாவும் தறியில உக்காந்துட்டா அவனைப் பாத்துக்க ஆள் இல்லன்னு என் தம்பி அவன் பழைய டேப்லட்ட குடுத்தான். பஸ் ஓட்டுற கேம், கலர் அடிக்கிற கேம் ரெண்டு தான் விளையாடுவான். ஒரு லெவல் முடிஞ்சா போதும் விளம்பரம் வந்துடுது, லோன் ஆப், வெட்டு குத்து கேமு, என்னென்னவோ. அதை மூடுறேன்னு தொட்டுத் தொட்டு போன வாரம் பாத்தா புதுசா 8 ஆப் ஏறியிருக்கு. பக்கத்து வீட்டு அக்கா ஆட் பிளாக் ஆப்னு ஒண்ணு போடச் சொல்றாங்க. போடலாமா? டேப்லட்ட புடுங்கி வைக்கவும் மனசு வரல.
– ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: புடுங்கி வைக்க வேணாம்மா. பையன் மேல தப்பே இல்ல, மொதல்ல அதைச் சொல்லிடுறேன். எங்க அக்கா பொண்ணு பக்கத்துல உக்காந்து நானே பாத்திருக்கேன், விளம்பரம் ஓடி முடிஞ்சதும் மூலையில ஒரு எக்ஸ் வரும், அரிசி அளவு தான் இருக்கும், வெள்ளை மேல வெள்ளையா. அதைத் தொட்டா மூடாது, இன்னொரு பக்கம் வரும், அங்க எக்ஸ் வேற மூலையில இருக்கும், நடுவுல பச்சைக் கலர்ல இன்ஸ்டால்னு பெருசா. 5 வயசுக் குழந்தை பெருவிரல் எங்க போகும்? பச்சைக்குத் தான் போகும். அது அப்படித் தொடணும்னே செஞ்சு வச்சிருக்காங்க, எனக்கு இதுல ரொம்பக் கோவம் வரும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ஆப் வேணாம். அந்த மாதிரி ஆப் நிறைய விபிஎன் பர்மிஷன் கேக்கும், குடுத்துட்டா டேப்லட்ல போற வர எல்லாமே அது வழியா தான் போகும். நல்ல ஆப்பும் இருக்கு, ஆனா எது நல்லது எது மோசம்னு பேரை வச்சு நம்மளால கண்டுபிடிக்க முடியாது, அதுவும் எங்கயோ லிங்க்ல இருந்து இறக்குறதுன்னா கிட்டயே போகாதீங்க.

இன்னைக்கே ஒண்ணு செஞ்சு பாருங்க. டேப்லட்ல ஃப்ளைட் மோட் போட்டுட்டு அந்த ரெண்டு கேமையும் திறங்க. கலர் அடிக்கிறதுக்கும் பஸ் ஓட்டுறதுக்கும் பெரும்பாலும் நெட்டே தேவையில்ல, விளம்பரத்துக்குத் தான் நெட் வேணும். முன்னாடியே இறங்கி உள்ள உக்காந்திருக்குற விளம்பரம் ஒண்ணு ரெண்டு வரலாம், அதுக்கப்புறம் வராது. திறந்துச்சுன்னா உங்க பிரச்சனை முக்காவாசி முடிஞ்சுது, குடுக்கும்போது ஃப்ளைட் மோட்ல குடுங்க, அவ்ளோ தான்.

நெட் இல்லாம திறக்கவே மாட்டேங்குதுன்னா பிரைவேட் டிஎன்எஸ்னு ஒரு வழி இருக்கு, ஆண்ட்ராய்டு 9லயும் அதுக்கு மேலயும் உண்டு, காசு கிடையாது, ஆப்பும் தேவையில்ல. இது என்ன பண்ணுதுன்னா, பழைய பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி ஒரு கடைக்கு வழி கேக்குறோம்ல, அந்த மாதிரி கேம் ஒவ்வொரு தடவையும் விளம்பர கம்பெனி சர்வர் எங்க இருக்குன்னு வழி கேக்கும். நாம போடுற டிஎன்எஸ் மத்த எல்லாத்துக்கும் வழி சொல்லும், விளம்பரக் கடைக்கு மட்டும் சொல்லாது. செட்டிங்ஸ்ல நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போங்க, சாம்சங்னா கனெக்ஷன்ஸ்ல மோர் கனெக்ஷன் செட்டிங்ஸ், அதுக்குள்ள பிரைவேட் டிஎன்எஸ் இருக்கும். ஹோஸ்ட்நேம் கேக்குற இடத்துல ஃபேமிலி, புள்ளி, ஆட்கார்ட், ஒரு சின்னக் கோடு, டிஎன்எஸ், புள்ளி, காம், இதை இங்கிலீஷ்ல எல்லாம் சின்ன எழுத்துல இடமே விடாம அடிச்சு சேவ் பண்ணுங்க. நம்பர் போட்டா எடுக்காது, பேர் தான் போடணும். இந்த ஃபேமிலின்றது பெரியவங்க சைட்டையும் சேத்து அடைச்சிடும், சின்னப் புள்ளைக்கு அது தான் சரி.

யூட்யூப் விளம்பரம் இதுல நிக்காது, ஏன்னா வீடியோ வர அதே இடத்துல இருந்து தான் அதுவும் வருது. அப்புறம் வீடியோ பாத்தா காயின் தரேன்னு கேம்ல ஒரு பட்டன் இருக்கும்ல, அது இனி வேலை செய்யாது. இதைப் பையன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க, இல்லன்னா கேம் கெட்டுப் போச்சுன்னு அழுவான்.

அந்த 8 ஆப்பையும் அழிச்சிடுங்க, லோன் ஆப்பை முதல்ல. அதுக்கு கான்டாக்ட்ஸ், போட்டோ எல்லாம் பாக்க பர்மிஷன் போயிருக்கான்னு அழிக்கறதுக்கு முன்ன ஒரு தடவை பாத்துக்கங்க. டேப்லட்ல உங்க தம்பி அக்கவுண்டே இன்னும் இருக்குன்னு நினைக்கிறேன், பெரியவங்க அக்கவுண்டா இருந்தா பெரியவங்களுக்கான விளம்பரம் தானே வரும், அவரோட கார்டு யூபிஐ ஏதாவது சேந்திருந்தா அதுவும் ஆபத்து. பையனுக்குன்னு கூகுள் ஃபேமிலி லிங்க்ல தனி அக்கவுண்ட் போட்டுட்டா எந்த ஆப் ஏத்தணும்னாலும் உங்க போனுக்கு வந்து கேக்கும், நீங்க சரின்னா தான் ஏறும்.

இன்னொண்ணு. அவன் அந்த பஸ் கேமை மாசக்கணக்கா ஆசையா விளையாடுறான்னா, உள்ள ரிமூவ் ஆட்ஸ்னு ஒரு தடவை காசு கட்டுற மாதிரி இருந்தா கட்டிடுங்கன்னு தான் சொல்லுவேன். அதை உருவாக்குனவங்களுக்கும் கூலி வேணும்ல, தறி நெய்யுற வீட்ல இதை நான் விளக்க வேண்டியதில்ல. காசும் வேணாம் விளம்பரமும் வேணாம்னா கான் அகாடமி கிட்ஸ், ஜிகாம்ப்ரி, ஸ்க்ராட்ச் ஜூனியர் இதெல்லாம் இலவசம், விளம்பரமே கிடையாது. வேற புதுசு எது இறக்குனாலும் ப்ளே ஸ்டோர்ல பேருக்குக் கீழ கன்டெய்ன்ஸ் ஆட்ஸ்னு போட்டிருக்கான்னு பாத்துட்டு இறக்குங்க.

கேள்வி: ஏற்காட்டுல எஸ்டேட் வேலையில இருக்கேன். பேத்தி லீவுக்கு சேலத்துல இருந்து வந்திருக்கா. மகன் டேப்லட்ல பிரைவேட் டிஎன்எஸ் போட்டுக் குடுத்திருக்கான், கீழ நல்லா இருந்துச்சாம், இங்க வந்ததுல இருந்து எதுவுமே திறக்கல, நெட் இல்லன்னே காட்டுது. என் போன்ல வருதே?
– ஒரு தாத்தா, ஏற்காடு

பதில்: ஐயா, டேப்லட் கெட்டுப் போகல. பேர் போட்டு செட் பண்ணிட்டா அந்த சர்வரை எட்ட முடியாத இடத்துல டேப்லட் வேற யாரையும் கேக்காது, அதனால மொத்தமா நின்னு போகும். மலை மேல சிக்னல் விட்டு விட்டு வரும்போது இப்படி ஆகலாம், சில வைஃபைலயும் அந்த வழியை அடைச்சு வச்சிருப்பாங்க. அதே பிரைவேட் டிஎன்எஸ்ல போய் ஆட்டோமேட்டிக்னு மாத்துங்க, நெட் வந்துடும், விளம்பரமும் சேந்து வரும். அதனால பாப்பா விளையாடுற நேரத்துக்கு ஃப்ளைட் மோட் போட்டுடுங்க, சிக்னல் கம்மியா இருக்குற இடத்துல கேம் விளம்பரத்துக்காக காத்துக்கிட்டு சுத்திக்கிட்டே இருக்குமே, அந்தத் தொல்லையும் போயிடும்.

திரும்பிப் போகும்போது பஸ்ல டேப்லட் குடுக்காதீங்க ஐயா, 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, குனிஞ்சு திரையைப் பாத்துக்கிட்டே வந்தா அடிவாரம் வர்றதுக்குள்ள வாந்தி எடுத்துடும். சேலம் இறங்குனதும் மகன்கிட்ட சொல்லி அந்தப் பேரை மறுபடி அடிச்சுப் போடச் சொல்லிடுங்க.