அவள் கையில் இருக்கும் கடிகாரம்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு போதாமல் செரிபிரல் பால்சி. உட்கார மாட்டான், பேச மாட்டான். மூன்று வருடமாக வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் சாப்பாடு. இரவில் வலிப்பு வரும். நான் வேலையை விட்டுவிட்டேன். கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். விடியற்காலை நாலு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். பையனைத் தூக்கவே அவருக்குப் பயம். மாமியார் எங்களோடு இருக்கிறார். முருகனுக்கு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, தைப்பூசத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் சரியாகிவிடும் என்று தினமும் சொல்கிறார். எனக்கு எரிச்சல், கோபம், அப்புறம் அழுகை. நல்லவேளை, மூத்தவள் சமர்த்து, பன்னிரண்டு வயது, ஒரு தொந்தரவும் இல்லை. வலிப்பு வந்தால் அவள்தான் எழுந்து மணி பார்ப்பாள். குடும்பம் என்று எங்களுக்கு ஒன்று இருக்கிறதா என்றே தெரியவில்லை. நான் என்ன செய்ய?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததோடு சரி, பிழை இருந்தால் மன்னிக்கவும் என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தீர்கள். பாட்டியோடு தமிழும் போய்விட்ட வீடுகள்தான் இந்த ஊரில் அதிகம். நான்கு பக்கம் எழுதியவரிடம் ஒற்றெழுத்தைத் தேட நான் யார்?

அச்சில் இடம் இல்லாததால் கடிதத்தைச் சுருக்கிவிட்டோம். ஆனால் மகளைப் பற்றிய இரண்டு வாக்கியத்தில் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. நான்கு பக்கத்திலும் அவளைப் பற்றி இருந்தது அவ்வளவுதான். அதனால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அவளுக்குப் பின்னால்தான் வருகிறது.

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். மணி பார்ப்பது அதனால்தான், நல்ல பழக்கம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை அவள் இடத்திலிருந்து பாருங்கள். உங்களுக்குக் கை நிறைய வேலை: பையனை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறீர்கள், எச்சிலைத் துடைக்கிறீர்கள். அவளுக்கு முள்ளைப் பார்ப்பது தவிர வேறு வேலை இல்லை. இரண்டு ஆயிற்று, மூன்று ஆயிற்று, நாலரை ஆயிற்று. தம்பி இன்றைக்குத் தப்புவானா என்று நடுராத்திரியில் எண்ணிக்கொண்டு நிற்பது அந்த வீட்டில் அவனுக்கு அடுத்த சின்ன ஆள். காலையில் அவளே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். சமர்த்து அல்லவா, யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

நானும் ஒரு காலத்தில் சமர்த்துப் பிள்ளைதான். என் அக்கா இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். பத்து வயதில் நான் ரொட்டி சுட்டேன், துணி துவைத்தேன். வந்தவர் போனவர் எல்லோரும் என்னைப் பார்த்து "தங்கமான பெண்" என்றார்கள். அது இனித்தது. இனித்ததால்தான், வயிறு வலிக்கிறது என்றுகூட அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் தங்கம் பித்தளை ஆகிவிடுமே!

எனவே முதல் வேலை, அந்தக் கடிகாரத்தை அவள் கையிலிருந்து வாங்குவது. அதைப் பெரியவர் ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அது உங்கள் கணவர்.

அவருக்குப் பயம் என்கிறீர்கள். உங்களுக்கும் முதல் மாதம் பயமாகத்தான் இருந்திருக்கும். செய்யச் செய்யப் போயிற்று. வெள்ளி, சனி இரண்டு இரவும் பையன் பொறுப்பு அவருடையது என்று பேசி முடிவெடுங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் நீங்கள் பக்கத்தில் நிற்க, அவரே எல்லாம் செய்து பழகட்டும். குழாயில் உணவு கொடுக்கும்போதும் அதற்கு அப்புறம் அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்து இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பார்க்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனில் 112. இதைப் பெரிய எழுத்தில் எழுதி, மருந்தின் பெயர், அளவு, நேரத்தோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். வலிப்பு நீண்டால் வீட்டிலேயே கன்னத்துக்குள்ளோ ஆசனவாய் வழியாகவோ கொடுக்கிற அவசர மருந்து உங்கள் பையனுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் உங்களைப் போலச் செய்ய மாட்டார். மெதுவாகச் செய்வார், துணியை ஈரமாக்குவார், துண்டை வேறு மாதிரி மடிப்பார். ஃபிரிட்ஜ் கதவில் இல்லாத எதைப் பற்றியும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும்.

(மாமியார் வலிப்பின்போது கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கிறார் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். சாவியால் வலிப்பு நிற்காது. கையோடு இருந்தால் கெடுதலும் இல்லை, அதற்காகச் சண்டை போடாதீர்கள். பல் கிட்டாமல் இருக்கக் கரண்டியை வாயில் வைக்க வந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள்.)

இனி மகளிடம் பேச்சு. எதிரில் உட்கார வைத்து "உனக்கு ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டால் "இல்லைம்மா" என்றுதான் வரும். பீன்ஸ் நறுக்கும்போதோ காரில் போகும்போதோ, முகம் பார்க்காமல் பேசுங்கள். தம்பி பிறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அந்த வயதில் தம்பி வேண்டாம் என்று ஒருநாள் நினைத்திருந்தால்கூட, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று பிள்ளைகள் மனதுக்குள் பூட்டி வைத்துக்கொள்வார்கள். அவள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: யார் நினைத்ததாலும் இது வரவில்லை, அவளுக்கு இது தொற்றாது. யூனிட் வீடுகளின் சுவர் உங்களுக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டுப் பேச்சே கேட்கும். நீங்களும் கணவரும் அறைக்குள் பேசியதில் பாதி அவள் காதில் விழுந்திருக்கும். மீதியை அவளே கற்பனை செய்திருப்பாள், நிஜத்தைவிட மோசமாக. உண்மையைச் சொல்லிவிடுவது மேல்.

உறவினர்கள் வந்து "எங்களுக்கு அப்புறம் நீதான் அவனுக்கு அம்மா" என்று அவள் தலையைத் தடவினால், அவர்கள் எதிரிலேயே "இல்லை, அவள் அக்காதான்" என்று சொல்லுங்கள். மரியாதைக் குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

அதே சமயம் எல்லாப் பொறுப்பையும் ஒரே நாளில் பிடுங்கிவிடாதீர்கள். தண்டனை என்று நினைப்பாள். தம்பிக்குப் பாட்டுப் பாடுவதோ கால் பிடித்துவிடுவதோ, அவளுக்குப் பிடித்தது எதுவோ அதை அவளே வைத்துக்கொள்ளட்டும். பிடிக்காத நாள் விடட்டும். வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு வாக்கியத்தில் வீட்டு நிலைமையைச் சொல்லி வையுங்கள். அவள் தூங்கி விழுந்தால் காரணமாவது அவருக்குத் தெரியும். வாரத்தில் ஒரு மணி நேரம் அவளோடு நீங்கள் மட்டும் வெளியே போங்கள். ஒரு பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) வாங்கி இருவரும் பிய்த்துத் தின்னுங்கள். அந்த ஒரு மணி நேரம் தம்பியைப் பற்றிப் பேச வேண்டாம்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்கிற வைத்தியத்தை விடுங்கள், அதற்கு அடியில் இருக்கும் பயத்தைப் பாருங்கள். பேரனுக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். வேண்டுதல் அவருடையது, எனவே பால்குடத்தை அவரே எடுக்கட்டும். ஜனவரி, பிப்ரவரி டர்பன் வெயிலில் காவடி ஊர்வலம் முழுக்கப் பிள்ளையைத் தூக்கி நடப்பது வேண்டாம். மருந்து நேரம் தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைக் கிளப்பிவிடும் என்று மருத்துவர் வாயாலேயே அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். வேறொரு நாள், கூட்டம் இல்லாத காலை வேளையில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்கு எல்லோருமாகப் போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்பி வந்ததும் அந்த அம்மாவுக்கு வீட்டிலும் ஒரு வேலை கொடுங்கள். மத்தியானம் இரண்டு மணி நேரம் பையன் பக்கத்தில் அவர் உட்கார, நீங்கள் கதவைச் சாத்தித் தூங்குங்கள். பாத்திரம் கழுவ அல்ல, தூங்க.

பணம். கேர் டிபென்டன்சி கிராண்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை, கணவருக்குக் கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் முழுநேரக் கவனிப்பு வேண்டிய பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென்றே அரசு வைத்திருக்கும் உதவி அது. மாதம் இரண்டாயிரம் ராண்டுக்கு மேல் வரும். அரசு மருத்துவரின் சான்று வேண்டும், வருமான வரம்பு உண்டு, கணவன் மனைவி என்றால் அந்த வரம்பு இரட்டிப்பு. விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு, அதனால் கூச்சப்படுகிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம். லாரி முதலாளியிடம் அவர் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கு வருடத்தில் மூன்று நாள் சம்பளத்தோடு குடும்பப் பொறுப்பு விடுப்பு. நாலு மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில், வாரம் நாலு நாளாவது வேலை செய்பவருக்குச் சட்டமே தருவது.

டர்பனில் உம்டுடூசி என்று நோயுற்ற பிள்ளைகளுக்கான ஹாஸ்பிஸ் அமைப்பு இருக்கிறது. சூலு மொழியில் ஆறுதல் தருபவர் என்று பொருள். ஹாஸ்பிஸ் என்றதும் கடைசி நாள் என்று பதறாதீர்கள். பிள்ளைகளுக்கான இந்த வகைக் கவனிப்பு, நோய் தெரிந்த நாளிலிருந்தே சிகிச்சையோடு சேர்ந்து நடக்க வேண்டியது. வலி, தூக்கம், குழாய், வீட்டாரின் மனநிலை எல்லாம் அதில் அடக்கம். உங்கள் மருத்துவரிடம் சொல்லி, அங்கே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

கோபம் வருகிறதே என்றீர்கள். ஏழு வருடம் சேர்ந்தாற்போல் தூங்காதவருக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தூங்கிப் பாருங்கள், அப்புறமும் அழுகை நிற்காவிட்டால் பையனின் மருத்துவரிடம் அடுத்த முறை உங்களைப் பற்றியும் பேசுங்கள். கணவரோடு மருந்து நேரம் தவிர வேறு பேச்சே இல்லை என்பதும் அந்த இரண்டு இரவுக்குப் பிறகு கொஞ்சம் மாறலாம். வலிப்பை இரண்டு பேருமாகப் பார்த்தவர்களுக்குப் பேச ஏதாவது இருக்கும்.

முதல் வெள்ளிக்கிழமை இரவு மகள் பழக்கத்தில் எழுந்து வந்து நிற்பாள். திட்டாதீர்கள். "அப்பா மணி பார்க்கிறார், நீ போய்ப் படு" என்று சொல்லிப் பாருங்கள். உடனே போனாளா, வாசலிலேயே நின்றாளா, என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். பிழையோடேயே எழுதுங்கள்.