ஃபியூஷன் செஃப் என்றால் யார்? நம்ம தென்னாப்பிரிக்க டர்பன் நகரத்துப் பன்னி சௌ சாப்பாடும் ஃபியூஷன்தானா?

இரண்டு ஊர்ச் சமையலை ஒரே தட்டில் சேர்ப்பது ஃபியூஷன். அப்படிச் சமைக்கும் சமையல்காரர் ஃபியூஷன் செஃப். உதாரணத்துக்கு வுல்ஃப்காங் பக். 1949இல் ஆஸ்திரியாவில் பிறந்து, பிரான்சில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போனவர். 1982இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஸ்பாகோ உணவகத்தைத் திறந்தார். மறு வருஷமே சாண்டா மோனிகாவில் இன்னொன்று. அங்கே பிரெஞ்சுப் பக்குவத்தில் சீன ருசி. பீட்சா மேல் புகையூட்டிய சால்மன் மீனை வைத்ததுதான் அவருடைய பேர்போன கைவேலை.

அது எப்படி ஒட்டுகிறது? ஒன்று ருசியைக் கொடுக்க வேண்டும், மற்றது வாங்கிக்கொள்ள வேண்டும். பீட்சா ரொட்டி அடக்கமாக இருக்கிறது. மீனின் உப்பும் புகைமணமும் தூக்கி நிற்கின்றன.

பன்னி சௌவும் அதே கணக்குதான். (பெயரைக் கேட்டு மிரளாதீர்கள், பன்றியும் இல்லை, முயலும் இல்லை.) கால் பங்கு பிரெட் ரொட்டியின் நடுவைத் தோண்டி ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றுவார்கள். ரொட்டி வெள்ளைக்காரர் சரக்கு. குழம்பு, 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த நம் ஆட்களுடையது. தோண்டிய துண்டை மேலேயே வைத்துத் தருவார்கள், முதலில் அதைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கரண்டி கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். சாம்பாரில் ஊறிய இட்லி மாதிரி, குழம்பில் ஊறிப்போன அடி ரொட்டி இருக்கிறதே, எனக்கு அதுதான் உயிர்.

அப்புறம், பெரிய ஹோட்டலில் பீங்கான் தட்டில் வந்தால்தான் ஃபியூஷன் என்று பலர் நினைக்கிறார்கள். காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தாலும் அது ஃபியூஷன்தான்.