பட்டறைப் பதில்கள்: எஞ்சினைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி: வணக்கம் அண்ணா. அப்பா 2013-இல் வாங்கிய ஸ்விஃப்ட் டீசல் கார், 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோடை விழாக் கூட்டத்தில் ஐந்து பேரோடு ஏற்காடு ஏறும்போது, பதினான்காம் கொண்டை ஊசி வளைவில் போனட்டிலிருந்து ஆவி கிளம்பி நின்றுவிட்டது. உடனே தண்ணீர் ஊற்றி, மெல்ல ஓட்டி வீடு சேர்ந்தோம். மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு மெக்கானிக் எஞ்சினை இறக்கி முழு வேலை செய்ய 90,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 65,000 ரூபாய்க்குப் பழைய எஞ்சின் மாட்டித் தருகிறேன் என்கிறார். தம்பி விற்றுவிடச் சொல்கிறான். அப்பா இப்போது இல்லை. எனக்கு விற்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, ஏற்காடு

பதில்: இரண்டு பேரும் விலை சொல்லிவிட்டார்கள், சரி. எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தது யார்? எஞ்சின் ஏன் சூடானது என்று சொன்னது யார்? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அந்த இரண்டும் அதில் இல்லை. அவை தெரியாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

நான் சேலம் கோரிமேட்டில் பட்டறை போட்ட புதிதில் ஒருவருக்கு நல்ல பழைய எஞ்சினாகத் தேடிப்பிடித்து மாட்டினேன். ரேடியேட்டரை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டே மாதம், அதே மலை ரோட்டில் அந்த எஞ்சினும் போனது. ரேடியேட்டரை அறுத்துப் பார்த்தால், வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே, அதுபோல் குழாய் முழுக்க வெள்ளை உப்பு. கூலன்ட் வாங்காமல் வருடக்கணக்கில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். தண்ணீர் போக ஈர்க்குச்சி நுழையும் அளவுகூட வழி இல்லை. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அறுத்த துண்டு இன்னும் என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது, வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

மலையேறும்போது இரண்டாம் கியரில் எஞ்சின் முழுப் பாரத்தை இழுக்கிறது, வண்டியோ மெல்லத்தான் நகர்கிறது. எதிர்க்காற்று கிடைக்காது, ஃபேன் ஒன்றுதான் துணை. கூட்டத்தில் நின்று நின்று ஏறினால் கேட்கவே வேண்டாம். அதனால் ஃபேன், அதன் ரிலே, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், அதன் மூடி, ஹோஸ் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எது பழுதென்று தெரிந்த பிறகுதான் எஞ்சின் பேச்சு.

அடுத்து, ஹெட்டைக் கழற்றிப் பார்க்க மட்டும் தனியாகக் கூலி பேசுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள். உங்கள் 1248 சிசி எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகமான பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் முதலில் வளைவது ஹெட்தான். அதைக் கவிழ்த்து வைத்து, நேரான எஃகுப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்ப்பார்கள். பல எஞ்சின்களுக்கு 0.05 மி.மீ. தகடு நுழைவதே வரம்பு. கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதால் ஹெட்டில் விரிசலும் விட்டிருக்கலாம். கடைசல் பட்டறையில் காற்றழுத்தம் வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். லேசான வளைவு என்றால் சீவிச் சரிசெய்யலாம். ஆனால் டீசல் எஞ்சினில் அதிகம் சீவினால் வால்வும் பிஸ்டனும் நெருங்கிவிடும், கம்பெனி சொன்ன அளவைத் தாண்ட விடாதீர்கள்.

பிறகு சிலிண்டர் சுவரைப் பாருங்கள். கம்பெனியில் போட்ட பின்னல் கோடுகள் இன்னும் தெரிந்தால் நல்ல சேதி. மேலிருந்து கீழாக ஆணியால் கீறியது போல் கோடு விழுந்து, விரல் நகம் அதில் மாட்டினால் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை, கெட்டுவிட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதோடு வீடு வரை ஓட்டியிருக்கிறீர்கள், அதனால் அடித்தட்டையும் கழற்றி பேரிங்கையும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கையும் பார்த்தே ஆக வேண்டும். (ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போல் ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள். உங்கள் ஊர்ப் பனியில், பக்கத்துத் தூரம் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு அது வரும்.)

இதெல்லாம் பார்த்த பிறகு என் கருத்து இதுதான். போரும் கிராங்க்கும் நன்றாக இருந்தால் ஹெட் வேலையோடு முடியும், 90,000 வரை போகவே போகாது. போர் மட்டும் கீறியிருந்தால் ரீபோர் செய்து, அதாவது துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அடுத்த அளவு பிஸ்டன் போடலாம். இதே எஞ்சின் டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் வந்ததால் சாமானுக்குப் பஞ்சமில்லை. பிளாக் வெடித்திருந்தால், அல்லது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கை ஓட்டை போட்டிருந்தால் மட்டும் பழைய எஞ்சினுக்குப் போங்கள்.

அப்படிப் போனால், எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கு அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் பில்லும் கேளுங்கள். தர மறுத்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், திருட்டு எஞ்சினாக இருந்தால் நாளை நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டரின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். இதே 1.3 லிட்டரில் 75 குதிரைத்திறனும் உண்டு, 90-உம் உண்டு. டர்போ வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புதிய எஞ்சின் எண்ணை ஏற்றி, இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுங்கள்.

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓடும் நிலையில் வண்டி என்ன விலை போகுமோ அதில் பாதிக்கு மேல் செலவு என்றால், வேறு யாராக இருந்தாலும் விற்கத்தான் சொல்வேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ஆர்.சி. 2028 வரை இருக்கிறது, அதன் பிறகும் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். அப்பாவின் வண்டியை ஓட்ட வேண்டும் என்ற ஆசைக்கு நீங்களே ஒரு தொகை வைத்துக்கொண்டு, அதற்குள் முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: என் பழைய பெட்ரோல் காரில் நீலப் புகை வருகிறது. எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், செவ்வாய்பேட்டை

பதில்: நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எந்த வழியாக என்று தெரிய ஒருநாள் ஏற்காடு போய் வாருங்கள். ஏறும்போது பின்னால் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இறங்கும்போது கியரிலேயே விட்டு வந்து, அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் குப்பென்று புகை வந்தால் பெரும்பாலும் வால்வு ஆயில் சீல்தான். பல வண்டிகளில் ஹெட்டைக்கூடக் கழற்றாமல் அதை மாற்றிவிடலாம். போகும்முன் ஆயில் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், டிக்கியில் ஒரு லிட்டர் கூடவே இருக்கட்டும்.