கேப் யார்க் கடற்கரையில் ஃபோர் வீல் டிரைவில் போய் முகாமிட என்ன கவனிக்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் அந்த வடகோடிக்கு மே முதல் அக்டோபர் வரைதான் சரியான காலம். மழை தொடங்கிவிட்டால் ஆறுகள் பாதையை மறித்துவிடும்.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். டயர் அடிப்பக்கம் பிதுங்கி அகலும். வண்டி புதையாமல் மணல்மேல் போகும். அப்படியும் சிக்கினால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் குழிதான் தோண்டும். இறங்கி, டயரைச் சுற்றிக் குவிந்த மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை முதலைதான். கூடாரம் தண்ணீரிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, உயர் ஓத மட்டத்துக்கு (கடல்நீர் ஏறும் உச்ச அளவு) 2 மீட்டர் மேலே இருக்கட்டும். மீன் கழிவைக் கரையில் போடவே போடாதீர்கள். அப்புறம், ஓடையில் இறங்கி நடந்து ஆழம் பார்க்கும் பழக்கம் அங்கே வேண்டாம்.